வெயில் படும்வரை தூங்கும் நஞ்சு

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை. அன்னதானத்துக்கு வரும் கூட்டத்துக்கு சர்பத் கலக்கும் வேலை எங்கள் நாலைந்து பேர் தலையில் விழுந்தது. ஒரு சாக்கு எலுமிச்சை. பிழிய கருவி எதுவும் கிடையாது, கைதான். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழியும். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த காயை எடுப்போம். மத்தியானம் சர்க்கரை தீர்ந்துபோக, கையைக்கூடக் கழுவாமல் அரைக்கைச் சட்டையோடு பைக்கை எடுத்துக்கொண்டு வடசேரி வரை போய் வந்தேன்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ராத்திரி முன்கையில் லேசான எரிச்சல். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், சுவரில் மழைநீர் வழிந்த தடம் போல மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு சிவப்புக் கோடுகள். ஒன்றின் முனையில் கொப்புளம்.

"எட்டுக்காலி மோண்டுருக்கும் மக்கா" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அக்கியாக இருக்கும், காவி எழுதச் சொல் என்றார் இன்னொருவர். ஒரு வாரத்தில் சிவப்பு வடிந்து, கோடுகள் கரிப்பிடித்த மாதிரி கறுத்தன. அப்போது மாமி சொன்ன வைத்தியத்தைத்தான் மறக்க முடியாது: "அதுல ரெண்டு மூடி எலுமிச்சையத் தேச்சுட்டு வெயில்ல நில்லு மக்கா, கறுப்பெல்லாம் போயிரும்."

நல்லவேளை, அதற்குள் ஒரு தோல் மருத்துவரிடம் போய்விட்டேன். கையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எலுமிச்சை பிழிஞ்சிட்டு வெயில்ல போனீங்களா?" இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதைத் தாவர ஒளித் தோலழற்சி என்பார்கள். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது. சில செடிகளின் சாறு தோலில் படுகிறது, அதன்மேல் வெயில் படுகிறது, தோல் வெந்துபோகிறது. சாறு மட்டும் பட்டால் ஒன்றும் ஆகாது. அதே வெயில் மட்டும் பட்டாலும் இப்படி ஆகாது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அதனால்தான் சாறு வழிந்த இடத்தில் மட்டும் கோடாக வந்தது.

எலுமிச்சையின் புளிப்புதான் சுட்டது என்று பலர் நினைப்பார்கள். இல்லை. அமிலம் சுட்டால் அப்போதே எரியும், மறுநாள்வரை காத்திருக்காது. ஒவ்வாமையும் இல்லை. ஒவ்வாமை சிலருக்குத்தான் வரும், அதுவும் உடல் அந்தப் பொருளை முன்பே ஒரு முறை சந்தித்திருந்தால்தான் வரும். இது யாருக்கும் வரலாம், முதல் தடவையிலேயே வரலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கொட்டைத் தோட்டின் எண்ணெய் நிழலில் உட்கார்ந்திருந்தாலும் கையைப் புண்ணாக்கிவிடும், அதற்கு வெயில் வேண்டாம். எலுமிச்சைக்காரன் அப்படியில்லை, வெயில் வந்து எழுப்பினால்தான் எழுந்திருப்பான்.

அந்தத் தூங்குமூஞ்சியின் பெயர் சோராலென். அதன் உறவுக்காரப் பொருட்களை எல்லாம் சேர்த்து ஃபியூரனோகூமரின்கள் என்பார்கள். எலுமிச்சையில் முக்கியமானது பெர்காப்டன். சாற்றைவிடத் தோலில்தான் அது அதிகம், பிழியும்போது தெறிக்கும் தோல் எண்ணெயோடு கைக்கு வந்துவிடும். அருவதாச் செடி, சீமை அத்தியின் பால், செலரிக் கீரை, கார்போகரிசி என்று இந்தக் குடும்பம் பெரியது.

இது உள்ளே என்ன செய்கிறது என்பதற்கு ஈத்தாமொழிப் பக்கம் திரிக்கும் தும்புக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரி, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஒரு கயிறு. நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் டிஎன்ஏவும் இப்படி இருபிரிக் கயிறுதான். உயிரணு இரண்டாகப் பெருக வேண்டுமென்றால் முதலில் கயிற்றைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிக்கும் எதிரே புதுப் பிரி ஒன்றைத் திரித்து இரண்டு கயிறாக்கும். புரதம் செய்ய வேண்டுமென்றாலும் தேவையான இடத்தில் கயிற்றைக் கொஞ்சம் பிரித்துத்தான் படிக்கும். பிரிக்க முடியாத டிஎன்ஏ திறக்க முடியாத பெட்டி மாதிரி, உள்ளே எல்லாம் இருந்தும் பயனில்லை.

சோராலென் மூலக்கூறு தட்டையானது, பனையோலை நறுக்கு மாதிரி. தோலுக்குள் ஊறியதும் டிஎன்ஏவின் இரண்டு பிரிகளையும் ஏணி மாதிரி இணைக்கும் படிகளுக்கு நடுவே நைசாகச் சொருகிக்கொள்ளும். அதுவரை கேடு இல்லை. சொருகினது போலவே வெளியே வந்துவிடவும் செய்யும். அப்போது வெயிலில் உள்ள யூவி-ஏ கதிர் பட்டால் கதை மாறிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் புற ஊதாக் கதிர் அது, அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர். ஒளியின் ஒரு துகளை விழுங்கியதும் சோராலென் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற பகுதியோடு கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. இப்போது ஒரு பிரியில் மட்டும் ஒட்டியிருக்கிறது. இன்னொரு ஒளித்துகள் வந்தால் அதன் மறுமுனை எதிர்ப் பிரியிலும் ஒட்டிவிடும். இரண்டு பிரியையும் சேர்த்து வெல்டிங் வைத்த மாதிரி. அப்புறம் அந்தக் கயிறு பிரியாது. உயிரணுவுக்கு இதைப் பழுதுபார்க்கும் வழிகள் உண்டு, ஆனால் வெல்டிங் நிறைய விழுந்தால் சமாளிக்க முடியாமல் செத்துப்போகும்.

என் கையில் உடனே ஒன்றும் தெரியாததற்கும் காரணம் இதுதான். வெந்நீர் பட்டது போல அந்த நொடியே நடக்கிற சேதம் இல்லை. உயிரணுக்கள் தடுமாறி, சாகத் தொடங்கி, உடல் அதைக் கவனித்து வீக்கம் உண்டாக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். அதற்குள் எலுமிச்சை பிழிந்ததையே மறந்துவிடுவோம், பழி எட்டுக்காலிமேல் விழும். இதைவிட மோசமான பழியும் உண்டு. எலுமிச்சை பிழிந்த கையோடு தாய் பிள்ளையைத் தூக்க, பிள்ளை வெயிலில் விளையாட, இரண்டு நாள் கழித்து அதன் முதுகில் விரல் விரலாகத் தடம் எழும்பியிருக்கிறது. பிள்ளையை அடித்திருக்கிறார்கள் என்று மருத்துவர்களே சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் தினமும் எலுமிச்சை பிழிகிறோமே, ஏன் எல்லோருக்கும் வருவதில்லை? சமையலறையில் பிழிகிறோம், கை கழுவுகிறோம், வெயிலில் நிற்பதில்லை. சாறு வழிய வேண்டும், கழுவாமல் விட வேண்டும், வெயிலில் போக வேண்டும், இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் காரியம் நடக்காது. நான் மூன்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். போதாததற்கு சித்திரை. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு முறையும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கொடை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேகம் மூடியிருந்தால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம், யூவி-ஏ மேகத்தைத் தாண்டிக் கணிசமாக வரும். சாதாரணக் கண்ணாடியையும் தாண்டும். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஓரளவு படத்தான் செய்யும்.

வந்துவிட்டால் என்ன செய்வது? வெயிலில் காட்டாமல் மூடிவைக்க வேண்டும், ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம், கொப்புளத்தை உடைக்கக் கூடாது, பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கறுப்பு மறைய வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். மாமியின் வைத்தியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒளியால் விழிக்கும் செடிநஞ்சுகள் எல்லாம் சோராலென் மாதிரி டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. இன்னொரு வழியும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள தோவாளை பூச்சந்தைக்கு வாருங்கள். அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கேந்தி, சிலர் கிரேந்தி என்பார்கள், அந்தச் செடியில் ஆல்ஃபா டெர்தயினைல் என்றொரு பொருள் இருக்கிறது. இது சந்தைத் தரகர் மாதிரி வேலை செய்யும். ஒளியிடமிருந்து ஆற்றலை வாங்கும், தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கு அப்படியே கைமாற்றிவிடும். நாம் மூச்சிழுக்கும் அதே ஆக்சிஜன் அந்த ஆற்றல் ஏறியதும் வெறிபிடித்ததாகி, எதிரே வரும் கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் கடித்துக் குதறும். உயிரணுவின் சவ்வு ஓட்டையாகிவிடும். தரகருக்கோ ஒரு சேதமும் இல்லை, அடுத்த வியாபாரத்துக்குத் தயார். அதனால் மிகக் கொஞ்சம் பொருளே நிறைய அழிவைச் செய்துவிடும்.

இந்த இரண்டாம் வழியை முதலில் கண்டது ஒரு மாணவர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப், ஒரு சாயத்தில் பரமீசியம் என்ற நுண்ணுயிரியைப் போட்டு அது எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஆனால் ஒரு நாள் சீக்கிரம் சாகிறது, இன்னொரு நாள் வெகுநேரம் உயிரோடு இருக்கிறது. சோதனை தவறு என்று தள்ளிவிடாமல் யோசித்தவருக்கு, அன்றைய வானம் மூடியிருந்ததா வெளுத்திருந்ததா என்பதே வித்தியாசம் என்று பிடிபட்டது. 1900-இல் அதை வெளியிட்டார். தவறென்று தோன்றும் அளவீட்டை அழித்துவிட்டு 'சரியான' விடையை எழுதும் என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன்.

கேந்தியில் ஒரு புதிர் இருக்கிறது. மண்ணில் நூற்புழுத் தொல்லை குறையக் கேந்தியை ஊடுபயிராகப் போடுவது உண்டு. வேர்தான் புழுவை அடக்குகிறது. ஆனால் மண்ணுக்குள் ஏது வெளிச்சம்? வேரில் உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதி, ஒளி செய்யவேண்டிய கிளப்புதலைத் தானே செய்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதே தரகர் வேறு வேஷத்தில் வருவார். மலையோரத்தில் மேயும் பசு, தீவனம் குறைந்த நாளில் உண்ணிச்செடியைத் தின்றுவிடும். அதில் உள்ள லாண்டடீன் ஈரலைக் கெடுக்கும். பசு தின்னும் எந்தப் பச்சையிலும் பச்சையம் இருக்கிறது, அதை இரைப்பை நுண்ணுயிரிகள் உடைக்கும்போது ஃபில்லோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகும். ஈரல் நன்றாக இருந்தால் அது பித்தத்தோடு வெளியேறிவிடும். ஈரல் கெட்டால் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வரும், அங்கே வெயிலை வாங்கி ஆக்சிஜனுக்கு விற்கும் தரகராகிவிடும். கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசுவாக இருந்தால் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். வெள்ளைத் திட்டுகள் வெந்து தோல் உரியும், கறுப்புத் திட்டுகளில் ஒரு கீறல்கூட இருக்காது. கறுப்பு நிறமி வெளிச்சத்தை மேலேயே தடுத்துவிடுகிறது. திருஷ்டி, கொதிநீர் ஊற்றினார்கள் என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் மாட்டை நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தோலில் தெரிந்தாலும் அது ஈரல் நோய்.

சரி, இவ்வளவு கேடு செய்யும் பொருளை மருந்தாக்க முடியுமா? நம்மவர்கள் எப்போதோ ஆக்கிவிட்டார்கள். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது சித்த, ஆயுர்வேத மரபில் பழைய வைத்தியம். எகிப்தில் நைல் கரையில் விளையும் வேறொரு செடியை இதே முறையில் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து பிரித்த சோராலெனைக் கொண்டு 1940களில் கெய்ரோவில் எல் மொஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்து பார்த்தார். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலென் மாத்திரை கொடுத்து, அளந்த யூவி-ஏ விளக்கின் கீழ் நிறுத்தி, சோரியாசிஸ் நோயைக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே தோல் உயிரணுக்கள் தேவைக்கு மேல் வேகமாகப் பெருகுவதுதான் தொல்லை, கயிற்றைக் கட்டிப்போட்டால் பெருக்கம் தணிகிறது. வெண்புள்ளியிலோ நிறமி உயிரணுக்களைத் தூண்டிவிடத்தான் இது பயன்படுகிறது. என் கையில் கறுப்பு ஏறியதும் அதே தூண்டுதல்தான்.

'அளந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். கார்போகரிசி எண்ணெயை யாரோ சொன்னார்கள் என்று தடவிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றால் கொப்புளம் நிச்சயம். விளக்கின் கீழ் செய்யும் சிகிச்சையிலேயே பல ஆண்டு தொடர்ந்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்று தெரியவந்திருக்கிறது, அதனால் கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள். இன்னொன்று, வெண்புள்ளியை வெண்குட்டம் என்று சொல்லாதீர்கள். தொழுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தொற்றாது.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு ரத்த வங்கியில் இருக்கிறது. நம் நாட்டில் தானமாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்துக்குக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இதில் பலவும் பாலுறவு வழியாகப் பரவக்கூடியவை. சோதனை நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. தேடுவதை மட்டும்தான் அது கண்டுபிடிக்கும். தொற்றிய புதிதில், சில வாரங்களுக்கு, இருப்பதையும் தவறவிடலாம். ரத்த வங்கிக்கு வெளியே இன்னொரு சிக்கலும் உண்டு, சோதிக்கவே ஆள் வராவிட்டால் ஒன்றும் தெரியாது. கொரோனா வந்த 2020-இல் அமெரிக்காவில் பதிவான கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் குறைந்தது. ஊரடங்கில் மக்கள் ஒழுக்கமாகிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வழியில்லை, பரிசோதனை குறைந்ததே பெரும் காரணம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது. பெரும்பாலும் அறிகுறியே காட்டாத தொற்று அது. நம் ஊரிலும் கூச்சத்தைத் தாண்டுவது எளிதில்லை, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரத்தையும் ரகசியமாக வைத்திருப்பார்கள்.

ரத்த வங்கிக்குத் திரும்புவோம். சோதனைக்குச் சொன்ன அந்த இரண்டு வரம்புகளும் சோராலெனுக்கு இல்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்து, அவற்றில் அமோட்டோசாலென் என்ற செயற்கைச் சோராலெனைக் கலந்து யூவி-ஏ விளக்கில் காட்டுகிறார்கள். உள்ளே எந்தக் கிருமி ஒளிந்திருந்தாலும் அது பெருக வேண்டுமென்றால் தன் டிஎன்ஏவையோ ஆர்என்ஏவையோ நகலெடுத்தாக வேண்டும். அந்த இழைகளில் வெல்டிங் விழுந்துவிட்டால் நகல் இல்லை, பெருக்கமும் இல்லை. சில கிருமிகள் தப்பக்கூடும் என்றாலும், கிருமியின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, பிரிக்க வேண்டிய கயிறும் இல்லை, அதனால் அது பிழைத்துத் தன் வேலையைச் செய்யும். ஐரோப்பாவில் 2002-இலும் அமெரிக்காவில் 2014-இலும் இதற்கு அனுமதி கிடைத்தது.

2006-இல் சிக்குன்குனியா வந்து நம் பக்கத்தில் ஊர் ஊராக மூட்டுவலியில் முடங்கியது நினைவிருக்கும். அதே நேரம் அதே இந்தியப் பெருங்கடலின் மறுபக்கம் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு அந்தக் காய்ச்சல். அங்கே ரத்ததானத்தையே நிறுத்தி, ரத்தத்தை பிரான்சிலிருந்து வரவழைத்தார்கள். ஆனால் தட்டணுக்கள் ஐந்தாறு நாள்தான் தாங்கும். அவற்றை மட்டும் தீவிலேயே எடுத்து, இந்த ஒளிமுறையில் கிருமியை முடக்கிக் கொடுத்தார்கள். சிவப்பணுவுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது, அதிலுள்ள ஹீமோகுளோபின் யூவி-ஏ வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

இந்தப் பொருளைச் செடி நமக்காகவா வைத்திருக்கிறது? தின்ன வரும் பூச்சிகளுக்காக. வெயிலில் நின்றபடி இலையைத் தின்னும் புழு உள்ளிருந்தே வேகும். பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. இப்படிப்பட்ட செடிகளில் வாழும் சில புழுக்கள் இலையை நூலால் சேர்த்துக் கட்டி அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து தின்கின்றன. வேறு சில, சோராலெனை உடைத்தெறியும் நொதியை வயிற்றில் வைத்திருக்கின்றன. மாமி வீட்டுப் பின்புறம் நிற்கும் எலுமிச்சை மரத்தில், காக்கை எச்சம் மாதிரி ஒன்று இலைமேல் பட்டப்பகலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது, கறிவேப்பிலையையும் விடாது. வளர்ந்து பச்சையானதும் விரலால் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். அந்த நாற்றம் கையில் ஒட்டினால் போக்குவதற்கு எலுமிச்சையைத் தேய்க்க வேண்டாம், சோப்பே போதும்.